கழிவு உண்டா, இல்லையா?

கோபிசெட்டிபாளையத்தில் ஆடிட்டர் பூங்கோதையிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது சீடருக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பது.

சீடரின் பெயர் புலவர் நாச்சிமுத்து. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சும்மா இருந்தால் சம்சாரத்தோடு சண்டை வருகிறது என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். குருவை அவர் "ஆடிட்டரம்மா" என்பார். குரு அவரை "ஐயா" என்பார்.

சேர்ந்த முதல் நாளே புலவர் ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய கணக்குல தப்பு இருந்தா எங்கிருந்துங்க திருத்தோணும்?"

"தப்பு எங்க ஆரம்பிச்சுதோ, அங்கிருந்துங்க ஐயா."

இதைச் சொல்ல ஒரு ஆடிட்டர் வேண்டுமா என்று புலவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல சீடர்.

அவர் வந்த பிறகு அலுவலகத்தில் தமிழ் கொடிகட்டிப் பறந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கேள்வித் தாள் தயாரித்தார். எந்தெந்தச் செலவுக்கு வரியில் தள்ளுபடி கேட்கலாம் என்று அதில் வரிசையாக இருக்கும். தள்ளுபடியை அவர் 'கழிவு' என்று எழுதினார். காப்பீட்டுக் கழிவு, வீட்டுக்கடன் கழிவு, மருத்துவக் கழிவு. மூன்றாவதைப் படித்த அரிசிமண்டிக்காரர் ஒருவர், "இதை ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டல்ல கேக்கோணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புலவர் சிரிக்கவில்லை. கழி என்ற வினையடியிலிருந்து கழிவு எப்படிப் பிறந்தது என்று அவருக்கு விளக்கினார். அரிசிமண்டிக்காரர் அடுத்த வருடம் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்.

நான்கு வருடம் இப்படி ஓடியது.

ஒரு டிசம்பர் மாதக் காலையில் லைன்மேன் சென்னியப்பன் வந்தார். மின்வாரியத்தில் வேலை. அவருடைய வருமான வரிக் கணக்கை நான்கு வருடமாகப் போட்டுக் கொடுப்பவர் புலவர்தான். சென்னியப்பன் வழக்கமாகத் தனியாக வருவார். அன்று தோளில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பதினான்கு வயது இருக்கும். கால்கள் துவண்டு தொங்கின, தலை அப்பாவின் கழுத்தில் சாய்ந்திருந்தது. கண்கள் மட்டும் மேலே சுற்றிய மின்விசிறியை ஆசையாகப் பார்த்தன.

"வாத்தியாரய்யா, மூணு வருசக் கணக்கு காப்பி வேணுமுங்க. பேங்குல லோனுக்குக் கேக்கறாங்க."

"எதுக்குங்க லோன்?"

"பாப்பாவுக்கு நாற்காலி வாங்கோணும். தலையைத் தாங்கற மாதிரி கோயமுத்தூர்ல செஞ்சு தர்றாங்க. இத்தனை நாளா இவங்கம்மா தூக்கித் தூக்கி இடுப்பு போச்சுங்க. இனிமேல் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

புலவர் எழுந்தே விட்டார். கழிவு ஒன்று தப்பிப்போனதைக் கண்டுபிடித்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சென்னியப்பன்! பாப்பாவுக்கு டாக்டர் சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

"ஏழு வயசுலயே வாங்கினதுங்க."

"அப்புறம் எதுக்கு லோனு? பாப்பாவை வெச்சு வருசா வருசம் பெரிய கழிவு கேட்டிருக்கலாமே! கட்டின வரி பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கும். இந்த வருசத்துக் கணக்கை இப்பவும் திருத்திப் போடலாம், டிசம்பர் முடியற வரைக்கும் நேரம் இருக்குது. பழைய வருசத்துக்கு வருமான வரி மேலதிகாரிக்கு மனுப் போடலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

சென்னியப்பன் முகம் இறுகியது.

"வேண்டாமுங்க. காப்பி மட்டும் குடுங்க."

"ஏனுங்க?"

"நீங்கதான் வருசா வருசம் எழுதிக் கேட்டீங்களே. நானும் எழுதித்தான் குடுத்தேன்."

புலவர் அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்தார். நான்கு கேள்வித் தாள்கள். ஒன்பதாவது கேள்வி: 'மாற்றுத்திறனாளிக் கழிவு உண்டா, இல்லையா?' நான்கிலும் 'இல்லை' என்று எழுதியிருந்தது. பேனா அழுத்தியதில் ஒன்றில் தாளே கிழிந்திருந்தது.

"எங்க லைன்ல கழிவுன்னா தூக்கிப் போடற கம்பிங்க" என்றார் சென்னியப்பன். "எம்புள்ளைய நான் அப்படி எழுத மாட்டேன். வரி போனாப் போகட்டும்."

புலவர் அந்தக் கிழிசலைப் பார்த்தார். என்றாலும் நாற்பது வருடப் பழக்கம் விடுமா?

"அது அந்தக் கழிவு இல்லீங்க. கழி என்பது வினையடி. கணக்குல கழித்தல்னு சொல்றமல்ல, அதுல இருந்து..."

"எனக்குக் கரண்டுதானுங்க தெரியும்."

உள்ளறையிலிருந்து பூங்கோதை வந்து நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவர் கேள்வித் தாளை வாங்கி ஒரு முறை படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். பாப்பா சிரித்தாள்.

"பேர் என்னங்க?"

"மகிழ்மதி."

"இவளுக்கு என்னங்க பிடிக்கும்?"

இப்படி ஒரு கேள்வியைச் சென்னியப்பன் அங்கே எதிர்பார்க்கவில்லை.

"கரண்டு வர்றது பிடிக்குமுங்க. கட்டாகிப் போயி, திரும்ப வருதுல்லங்க, அப்ப ஒரு சிரிப்பு சிரிப்பா. தெருவுக்கே கேக்கும். மழைக்காலத்துல நான் எங்கயாவது காட்டுக்குள்ள போஸ்ட் மேல நின்னு லைனைச் சரி பண்ணுவேன். ஊர்ல வெளக்கு எரிஞ்சதும் நெனைச்சுக்குவேன், இந்நேரம் பாப்பா சிரிச்சிருப்பான்னு."

"சாப்பாடு யாரு குடுக்கறது?"

"இவங்கம்மா. ராத்திரிக்கு நானுங்க. எங்கையில ரெண்டு வாய் கூடத் திம்பா."

"மருந்து?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். மாத்திரை, வாரம் இரண்டு நாள் பெருந்துறையில் கைகால் பயிற்சி, போகவர ஆட்டோ, எந்தக் கோவிலில் எந்தப் பூசாரி அவளைத் தூக்கி உள்ளே கூட்டிப்போனார் என்பது வரைக்கும். பூங்கோதை எழுதிக்கொண்டே வந்தார். இடையில் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. வாசலில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் பூங்கோதை பேனாவை மூடினார்.

"இந்த வருசக் கணக்கைத் திருத்தறதுக்கு எனக்கு இது போதுமுங்க. அந்த சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க."

"இதுல எங்கயும் அந்த வார்த்தை வரலைங்களே?"

"வரலைங்க. 'மகளைப் பார்த்துக்கொள்கிறேன்'னுதான் நீங்க இவ்வளவு நேரமும் சொன்னீங்க. அதைத்தான் சட்டமும் கேக்குது."

சென்னியப்பன் மகளைத் தோள் மாற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பூங்கோதை எழுதிய தாளில் கையெழுத்துப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அப்படியே விட்டுவிட்டார்.

"இந்த வருசத்துப் பணம் வந்தாலே நாற்காலிக்குப் பாதி தேறும். பழைய வருசத்துக்குப் போடறது மனுதானுங்க. குடுத்தாலும் குடுப்பாங்க, இல்லைன்னாலும் சொல்லுவாங்க. உண்மையை எழுதிக் கேப்போம்" என்றார் பூங்கோதை.

சென்னியப்பன் மகளோடு படியிறங்கிப் போனார். பிறகு புலவர் பழைய வருடங்களுக்கான மனுவை எழுத உட்கார்ந்தார். எழுதும் வேலை என்றால் அவருக்கு நிகர் யாரும் இல்லை. மூன்று பத்தி மளமளவென்று வந்தது. நான்காவதில் பேனா நின்றது. கழிவை உரிய காலத்தில் ஏன் கேட்கவில்லை என்ற காரணத்தை அங்கே சொல்லவேண்டும்.

தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"ஆடிட்டரம்மா, காரணம் 'அறியாமை'ன்னு எழுதட்டுங்களா? எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க."

"அவருக்குத் தெரியாதுன்னா சொன்னாரு?"

"இல்லீங்க. தெரிஞ்சேதான் வேண்டாம்னாரு."

"அப்ப அது அவரோட அறியாமை இல்லீங்களே."

புலவர் மனுத் தாளை மேசையில் வைத்தார்.

"வேற என்னங்க எழுதறது?"

பூங்கோதை கிழிந்திருந்த அந்தக் கேள்வித் தாளை எடுத்து, மடிப்பை நீவி, அவர் கையில் கொடுத்தார்.

"காரணம் நாம கேட்ட இந்தக் கேள்விதானுங்க. இதை மனுவோட முதல் இணைப்பா வைங்க ஐயா. இதை அச்சடிக்கச் சரின்னு சொன்னது நாந்தான். மனுவுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."