கரடி வாத்தியாரின் தேன் பொந்து

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் இரண்டே இடங்களில்தான் தண்ணீர் இருக்கும். ஒன்று மணல் ஓடை. முழங்கால் ஆழம்தான், அடியில் கிடக்கும் கூழாங்கல் கூடத் தெரியும். மற்றொன்று கரிய மடு. அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதலை.

மேட்டுக்காட்டு விலங்குகளும் பள்ளக்காட்டு விலங்குகளும் ஓடைக்காக அடித்துக்கொள்ளாமல் இருக்க யானை ஒரு வழி செய்திருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், ஒரு பந்தயம். ஓடைக்கரையில் சாய்ந்து நிற்கும் மருத மரத்தில் ஒரு பொந்து உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர். விளாங்காயைக் கையால் எறியலாம், தலையால் முட்டலாம், பின்காலால் உதைக்கலாம். அதிகக் காய்களைப் பொந்துக்குள் போட்டவர்களுக்கு அந்தக் கோடை முழுவதும் ஓடை. தோற்றவர்களுக்கு மடு. யானை ஓடைக்கரையிலேயே காவல் நிற்கும். யாரும் ஒளிந்து வந்து குடிக்க முடியாது.

பள்ளக்காட்டு அணிக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு கரடி. எல்லோரும் அதை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு கோடை தொடர்ந்து ஓடையை வாங்கிக் கொடுத்த வாத்தியார்.

ஐந்தாம் ஆண்டு ஒரே ஒரு காயில் தோற்றார்கள்.

அன்று மாலையே நரி ஊளையிட்டது. "வாத்தியாரை மாற்று! இன்றைக்கே மாற்று! நான் எதற்கு இருக்கிறேன்?"

அணியில் பின்காலால் உதைக்கும் ஒரு முயல் இருந்தது. பெயர் பஞ்சி. இலை விழுந்தாலும் திடுக்கிடும். அதுதான் எழுந்து நின்றது. "ஒரு தோல்விக்கு வாத்தியாரை விரட்டுவதா? அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்."

கரடி தலைகுனிந்து சொன்னது: "தப்பு என்னுடையது. கடைசிக் காயை அவசரப்படுத்தி எறியச் சொன்னேன்."

அந்தக் கோடையில் மடுவுக்குப் போனபோது கரடிதான் எப்போதும் முன்னால் இறங்கியது. பெரிய கட்டையால் தண்ணீரை அடித்து, உறுமி, எல்லோரும் குடித்து முடிக்கும்வரை கரையில் நின்றது. ஒரு உயிரும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் தேனீக்கள் வந்தன.

பள்ளக்காட்டில் ஒரு இலுப்பை மரம். அதன் பொந்தில்தான் தினமும் பயிற்சி. அந்தப் பொந்துக்குள், மேல் மூலையில், தேனீக்கள் கூடு கட்டின. கரடிக்குத் தேன் என்றால் சொல்லவா வேண்டும்? பயிற்சி முடிந்ததும் கையை உள்ளே விடும். நகத்தால் சுரண்டும். நக்கும். மறுநாளும் அப்படியே.

பயிற்சியும் நன்றாகத்தான் நடந்தது. எறிந்த காய் எல்லாம் உள்ளே போனது. கரடி கைதட்டியது. ஆனால் அடுத்த மாசிப் பந்தயத்தில் பன்னிரண்டு காய் வெளியே விழுந்தது. மறுபடியும் தோற்றார்கள்.

"காற்று அடித்தது" என்றது கரடி.

அந்தக் கோடையில் கரடி மடுவுக்கு முன்னால் போகவில்லை, கடைசியில் வந்தது. ஒரு காட்டுப்பூனையும் இரண்டு மயில்களும் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவில்லை.

அதற்கடுத்த ஆண்டுப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஞ்சி தன் குட்டிகள் நான்கையும் இழுத்துக்கொண்டு இலுப்பைப் பொந்துக்குள் ஏறியது. நான்கும் உள்ளே போயின. பஞ்சியும் போனது. அப்போதும் இடம் மிச்சம் இருந்தது.

'நாம் ஐந்து பேர் உட்காரும் இடத்திலா இத்தனை நாளாகக் காய் எறிந்து பழகினோம்?'

 மழை விட்டதும் பஞ்சி மருத மரத்துக்கு ஓடி, சாய்ந்த அடிமரத்தில் ஏறி, மூத்த குட்டியைப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தது. தலை போனது. வயிறு போகவில்லை.

பஞ்சி நேராகக் கரடியிடம் போனது.

"வாத்தியாரே, நம் பொந்து அகலமாகிவிட்டது. தேன் எடுக்கும்போது நகம் பட்டிருக்கும். அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. பாதிப் பொந்தைக் களிமண் வைத்து அடைத்துவிட்டால் போதும். பத்து நாள் இருக்கிறது, பழகிவிடலாம்."

கரடியின் மூக்கில் தேன் ஒட்டியிருந்தது. "அடைத்தால் தேனீ ஓடிவிடும்."

"தேனீ ஓடினால் ஓடட்டும். தோற்றால் என் குட்டிகள் மடுவுக்குப் போக வேண்டுமே!"

"இங்கே ஒரு காயாவது தவறுகிறதா? இல்லை. அங்கே ஏன் தவறுகிறது? உங்கள் நெஞ்சில் பயம். நீயே ஒரு பயந்தாங்கொள்ளி. நீ எனக்குப் பொந்து அளக்கச் சொல்லித் தருகிறாயா? நாளையிலிருந்து நீ அணியில் இல்லை, போ!"

"ஒரு தடவை வந்து பாருங்கள் வாத்தியாரே. பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள்."

"பார்க்க மாட்டேன்" என்று கரடி திரும்பிப் படுத்துக்கொண்டது.

பஞ்சி மான் தலைவியிடம் ஓடியது. பள்ளக்காட்டில் அவள் சொன்னால்தான் எதுவும் நடக்கும். நல்லவள். ஆனால் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவள். அவள் மடியில் அவளுடைய குட்டி தும்பி படுத்திருந்தது.

"அக்கா, வாத்தியாரை மாற்ற வேண்டும்" என்றது பஞ்சி.

நரி குறுக்கே வந்தது. "பந்தயத்துக்கு முன்னால் மாற்றுவதா? நன்றாக இருக்கிறதே தங்கச்சி உன் நியாயம்!"

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்று மாற்று என்று கத்தியது நீங்கள்தானே?"

"அப்போது எனக்கு விவரம் போதாது."

"இப்போது மீசையெல்லாம் தேனாக இருக்கிறது. விவரம் வந்துவிட்டது போலிருக்கிறது!"

நரி நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தது.

மான் தலைவி கேட்டாள்: "அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவளும் நீதானே, பஞ்சி?"

"அன்றைக்குத் தப்பு என்னுடையது என்றார், அக்கா. இன்றைக்குத் தப்பைக் கண்ணால் பார்க்கவே வர மாட்டேன் என்கிறார். அக்கா, நீங்களாவது வந்து பாருங்கள். இரண்டு மரமும் இங்கேதான் இருக்கிறது."

மான் தலைவி எழுந்தாள். நான்கு அடி நடந்தாள். நின்றாள்.

"பார்த்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே. புதிதாக வருகிறவர் இவரைவிட மோசமாக இருந்தால்? தோற்றால் பழி என் தலையில் அல்லவா விழும்? இந்தப் பந்தயம் முடியட்டும், பஞ்சி. பிறகு பேசலாம்."

"பந்தயம் முடிந்த பிறகு மடுதானே அக்கா இருக்கும்?"

மான் தலைவி தும்பியின் காதை நக்கிக்கொடுத்தாள்.

பந்தயம் நடந்தது. பள்ளக்காட்டார் எறிந்த காய்கள் பொந்தின் விளிம்பில் 'டொக், டொக்' என்று பட்டுத் தெறித்தன. இருபது வரைதான் பஞ்சி எண்ணியது. அதற்கு மேல் எண்ண முடியாமல் கண்ணை மூடிக்கொண்டது.

சித்திரை வெயிலில் குட்டைகள் எல்லாம் வற்றின. நாக்கு ஒட்டிக்கொள்ளும்வரை பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு வரிசையாக மடுவுக்குப் போனார்கள். மடு அசையாமல் கிடந்தது.

"வாத்தியாரே, முன்னால் போங்கள். தண்ணீரை அடியுங்கள்" என்றாள் மான் தலைவி.

"எனக்குத் தாகம் இல்லை" என்றது கரடி. தேன் குடித்த வயிறு அதற்கு.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாகம் பொறுக்காத தும்பி அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது.

"தும்பி! நில்!"

அது தண்ணீரில் வாய் வைத்தது. கட்டை போல் ஏதோ ஒன்று எழுந்தது. 'சளக்' என்று ஒரே ஒரு சத்தம். பிறகு வட்டம் வட்டமாக அலை மட்டும் கரைக்கு வந்தது.

அன்று யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் மான் தலைவி இலுப்பை மரத்துக்கும் மருத மரத்துக்கும் நடந்தாள். இலுப்பைப் பொந்தில் தலை முழுவதும் போனது, மருதப் பொந்தில் மூக்கு மட்டும்தான் போனது. திரும்பி வந்து கரடியிடம், "நீங்கள் போகலாம்" என்றாள். இரண்டே சொல். அதைச் சொல்ல அவளுக்கு அரை நாழிகை கூட ஆகவில்லை.

பிறகு பஞ்சியிடம் வந்தாள். "நீ சொல்லிக் கொடு."

"எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா."

"எனக்கும்தான்" என்றாள் மான் தலைவி.

பஞ்சி முதல் வேலையாக இலுப்பைப் பொந்தைக் களிமண்ணால் பாதி அடைத்தது. மூத்த குட்டியை விட்டுப் பார்த்தது. தலை போனது, வயிறு போகவில்லை. சரியான அளவு. முதல் மாதம் ஒரு காயும் உள்ளே போகவில்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஓடவும் இல்லை.

அடுத்த மாசியில் பள்ளக்காட்டார் வென்றார்கள். கோடையில் வரிசையாக மணல் ஓடைக்கு நடந்தார்கள். மான் தலைவி மட்டும், தனக்குப் பின்னால் ஒரு குட்டி நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்தாள். அந்த இடத்தில் யாரும் நுழையவில்லை.

நீதி: தோற்றுவிட்டோமே என்ற பயத்தில் தலைவனை மாற்றாதே, தன் தவற்றைப் பார்க்கவே மறுக்கும் தலைவனை மாற்றப் பயந்து நாள் கடத்தாதே.