அகப்பையாகிப்போன சொக்கப்பன்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகளும் மனிதர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துபோன காலத்தில், வெண்ணிலாபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் சொக்கப்பன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி பவளாயி. வழியில் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சாப்பாடு போடுவதுதான் சொக்கப்பனுக்குச் சந்தோஷம். தங்கமான மனுஷன். ஆனால் பரிமாற நின்றுவிட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது!

விருந்தாளி "போதும்" என்பார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று ஒரு கரண்டி ஊற்றுவான். "போதும், போதும்" என்பார். கூச்சப்படுகிறார் என்று இன்னொரு கரண்டி. "ஐயையோ, போதும்!" என்று இரண்டு கையாலும் இலையை மறைப்பார். விரல் இடுக்கு வழியாக ஊற்றிவிடுவான். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

ஓர் ஆவணி மாதம் தூமகண்டன் என்ற மந்திரவாதி அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பாயசம் வந்தது. போதும் என்றான். போதும் போதும் என்றான். ஐயையோ போதும் என்று இலையை மறைத்தான். கொதிக்கக் கொதிக்கப் பாயசம் அவன் புறங்கையில் விழுந்தது. தாடியில் முந்திரிப்பருப்பு தொங்கியது.

"எந்நேரமும் அகப்பையும் கையுமா நிக்கிறியா? அகப்பையாவே போ!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். சொக்கப்பன் நின்ற இடத்தில் தேங்காய்ச் சிரட்டை அகப்பை ஒன்று கிடந்தது. "பவளாயி, அவருக்கு இன்னும் மோர் ஊத்தலையே!" என்று அது கவலைப்பட்டது.

பவளாயி மந்திரவாதியின் காலில் விழுந்தாள். அவன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

"உன் வீட்டுல சாப்பிடுற விருந்தாளி யாராவது, 'இன்னும் கொஞ்சம் போடு'ன்னு தானா வாயைத் திறந்து கேக்கணும். நீ சொல்லிக் குடுத்தா செல்லாது. கார்த்திகை விளக்கு ஏத்துறதுக்குள்ள அப்படி ஒருத்தர் கேட்டா உன் புருஷன் வருவான். இல்லேன்னா அவன் பேச்சும் போயிடும், வெறும் அகப்பைதான். நானே வந்து எடுத்துட்டுப் போய்க் கஞ்சி காய்ச்சுவேன்!"

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் வீட்டு இலையில் உட்கார்ந்து நீங்கள் அப்படிக் கேட்டதுண்டா?

முதலில் ஒரு யானைப்பாகன் வந்தான். நல்ல பசி. பவளாயி வடை பாயசத்தோடு விருந்து வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். இலை காலியாகும் நேரம், "அடடா, இலை காலியாகுதே!" என்று அகப்பை துள்ளிக் குதித்துச் சாம்பாரை ஊற்றியது. பாகன் மிரண்டுபோய், "போதும் தாயே!" என்று எழுந்துவிட்டான்.

அப்புறம் சேனாதிபதி வந்தார். பவளாயி இன்னும் பெரிய விருந்து வைத்தாள். அவர் வாயைத் திறந்தார், "இன்னும்" என்றார். அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அதற்குள் அகப்பை பாய்ந்து மூன்று உருண்டை லட்டை இலையில் தள்ளியது. "இன்னும் வேலை கிடக்கு, கிளம்பணும்னு சொல்ல வந்தேன்" என்று அவர் போயே போய்விட்டார்.

பவளாயிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நீங்க விட்டாத்தானே அவங்க கேப்பாங்க! செத்த நேரம் சும்மா இருக்க முடியாதா?"

"வந்தவங்க இலை காலியா இருந்தா எனக்கு உசிரு துடிக்குதே புள்ள!" என்றது அகப்பை. அதன் குரல் அப்போதே தேய்ந்திருந்தது.

கார்த்திகை விளக்கு நாள் வந்தது. அன்று சாயங்காலம் ஒரே மழை. பவளாயி விருந்து எதுவும் வைக்கவில்லை. கடைசிப் பொழுதைப் புருஷனோடு இருந்துவிடலாம் என்று அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றான் தூமகண்டன், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு.

"எங்க என் அகப்பை?"

பவளாயிக்கு அவனை அப்படியே மழையில் நிறுத்திக் கதவைச் சாத்தத் தோன்றியது. ஆனால் குழம்புச் சட்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. "ஈரத்தோட நிக்கிறாரு பாரு. உள்ள கூப்பிடு புள்ள."

அவள் பெருமூச்சு விட்டாள். "விளக்கேத்த இன்னும் நேரம் இருக்கு. உள்ள வாங்க ஐயா, முதல்ல தலையைத் துவட்டுங்க. விருந்தெல்லாம் இல்ல. மத்தியானச் சோறும் சுண்ட வச்ச கத்தரிக்காய்க் குழம்பும்தான். எனக்கும் பசி, உங்ககூடவே உக்காந்துக்கிறேன். அந்த அப்பளத்தை மட்டும் தணல்ல வாட்டுங்க."

மந்திரவாதியை யாரும் இதுவரை வேலை ஏவியதில்லை. வாட்டினான், ஒரு பக்கம் கருகிவிட்டது. "பரவாயில்ல, அதை எனக்குக் குடுங்க" என்று பவளாயி வாங்கிக் கடித்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சப்பணம் போட்டு உட்கார்ந்தான். பேசிக்கொண்டே பிசைந்து பிசைந்து சாப்பிட்டான்.

இலை காலியானது.

பவளாயி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் அகப்பை நடுங்கியது. விருந்தாளி இலை காலி! சொக்கப்பனுக்கு அதைவிட வேறு அவமானம் உண்டா? துள்ளப் பார்த்தது, அடக்கிக்கொண்டது. கத்தப் பார்த்தது, அடக்கிக்கொண்டது. சிரட்டைக்கே வியர்த்துவிட்டது.

தூமகண்டன் இலையைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அந்தக் குழம்பு… இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

டமார்! சட்டி உடைந்தது. தலையில் கத்தரிக்காயோடு சொக்கப்பன் உட்கார்ந்திருந்தான். பவளாயி அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மந்திரவாதி கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கோபப்படப் பார்த்தான், வரவில்லை. கண்தான் கலங்கியது.

"என்னைக் கண்டு பயந்து எல்லாரும் விருந்து வச்சாங்க. தள்ளிக் கைகட்டி நின்னாங்க. கூட உக்காந்து யாரும் சாப்பிட்டதில்ல" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன வரம் வேணும், கேளுங்க. பொன்னா, அரண்மனையா?" என்றான்.

சொக்கப்பனும் பவளாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்த வாரமும் வாங்கண்ணே" என்றான் சொக்கப்பன்.

தூமகண்டன் போனான், அடுத்த வாரம் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். கதையை அடுப்பிலிருந்து இறக்கியாச்சு. நீங்களும் கை கழுவிவிட்டு வாருங்கள், சேர்ந்தே சாப்பிடலாம்.