அஞ்சா நெஞ்சன் பெர்க்மான்ஸ்

விளக்குப் போட்ட பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. யாரோ யாரையோ கன்னத்தில் மாறி மாறி அறைகிற மாதிரி, விட்டு விட்டு.

"காதுல விழுந்துச்சா சிஸ்டர்?"

"விழுந்துச்சு" என்றார் சிஸ்டர் பிரகாசி.

லிட்வின் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வாசல் கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட அவளுக்குத் தைரியம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர். எது புரியாவிட்டாலும் இன்றும் அவர் முன்னால்தான் போய் நிற்பாள். இன்றைக்குத் துணைக்கு வரச் சொல்லியிருந்தாள். விடிந்தால் சிலைத் திறப்பு. ஐ.நா. அமைதிப்படையில் ஆப்பிரிக்காவுக்குப் போய் இறந்துபோன அவள் கணவன் பெர்க்மான்ஸுக்கு, ஊரார் வீட்டெதிரிலேயே சிலை வைத்திருந்தார்கள். அவனுக்கு வயது இருபத்தைந்து. விழாவில் அவள் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"முறுக்கு மீசை வச்சிருக்காங்க சிஸ்டர். அவருக்கு மீசையே ஒழுங்கா முளைக்காது."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். பட்டாளத்தான்னா மீசை வேண்டாமாம்மான்னு சிலை செஞ்சவர் என்னையே கேக்கிறார்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். லிட்வினும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"கீழே 'அஞ்சா நெஞ்சன்'னு வெட்டியிருக்காங்க. கரப்பான் பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறுற மனுஷன். கடைசியா போன்லகூட 'பயமா இருக்கு லிட்டி'ன்னுதான் சொன்னார். யார்கிட்டயும் நான் சொல்லலை. நாளைக்குச் சொன்னா அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாட்டி, நான் யார்கூட வாழ்ந்தேன்னு எனக்கே குழம்புது. அவர் வீரனா, பயந்தாங்கொள்ளியா?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாங்க?"

"முகாமுக்கு வெளியே ஏதோ சத்தம் கேட்டுச்சாம். என்னன்னு பார்க்கப் போனவர் திரும்பி வரலையாம். உள்ளே பதினொரு பேர் தூங்கிட்டிருந்தாங்களாம்."

மறுபடி பளார், பளார். இப்போது வாசலை ஒட்டியே கேட்டது.

சிஸ்டர் டார்ச்சை எடுத்தார். வெளிச்சம் சுவரெல்லாம் நடுங்கியது. உதடு ஜெபத்தை முணுமுணுத்தது. பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"போகாதீங்க சிஸ்டர்!"

போய்விட்டார்.

எவ்வளவு நேரமோ. திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை.

"சிலைக்குச் சுத்தின பிளாஸ்டிக் தாள். காத்துல அவிழ்ந்து அடிச்சுக்குது. இழுத்துக் கட்டிட்டேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"உயிரே போயிடுச்சு."

"அப்புறம் ஏன் போனீங்க?"

சிஸ்டர் அவள் தோளில் தூங்கிப்போயிருந்த குழந்தையைப் பார்த்தார்.  லிட்வினும் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். 

சிஸ்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு முழங்கால் இன்னும் ஆடுது. நீ போய்த் தாழ்ப்பாளைப் போடு, தாயி."

குழந்தையை அவர் மடியில் கிடத்திவிட்டு லிட்வின் வாசலுக்கு நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.