ஏழாம் நம்பர் க்யூப்

“பன்னிரண்டுல ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அதை விட்டுட்டா ஆய்வேடு முடிஞ்சது.”

“விட்டுட்டு எழுதின பிறகு கேக்கீங்களே சார்.”

சங்கரபாண்டியனுக்கு நாற்பத்தொன்பது வயது. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, ஊர் திரும்பி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவருடைய கைடு ஹெப்சிபாவுக்கு முப்பத்தெட்டு. மாணவரை அவர் “சார்” என்றுதான் கூப்பிடுவார்.

ஆய்வு உமிச்சாம்பல் கலந்த கான்கிரீட் பற்றியது. பள்ளிக்கூடக் கூரைக்கு நம்பிப் போடலாம் என்று கடைசி அத்தியாயம் சொல்கிறது.

சோதனைக்கு வார்த்த பன்னிரண்டு கான்கிரீட் கட்டிகளில், அதாவது க்யூப்களில், பதினொன்று வேண்டிய பளுவைத் தாங்கின. ஏழாவது பாதியிலேயே நொறுங்கியது.

“அது என் கைத்தப்பு மேடம். அச்சுல ஊத்தின கலவையைக் கம்பியால சரியாக் குத்தாம விட்டிருப்பேன்.”

“பார்த்தீங்களா?”

“அப்படித்தான் இருக்கும்.”

“மத்த பதினொண்ணையும் குத்தினது யாரு?”

“நான்தான்.”

ஹெப்சிபா தான் கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்தைப் புரட்டினார். பேனாவை எடுக்கவில்லை.

“அதைச் சேர்த்தா கூரை அத்தியாயமே போயிரும் மேடம். இன்னும் ரெண்டு வருஷம். ஆவணியில மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள பட்டம் வந்துரும்னு, பத்திரிகையில பேருக்கு முன்னால முனைவர்னு போடச் சொல்லிட்டேன். நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

ஹெப்சிபா பேனாவைத் தள்ளி வைத்தார்.

“சைட்ல இப்படி ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். நாங்க எழுத மாட்டோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை இருக்கும் சார்?”



ஹெப்சிபா எழுந்துபோய், அடுத்த சோதனைக்காக க்யூப்கள் ஊறும் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டார். ஒன்றைத் தூக்கி வந்து ஆய்வேட்டின் மேல் வைத்தார். கையெழுத்துப் பக்கம் நனைந்தது.

“இது எவ்வளவு தாங்கும்?”

“உடைச்சாத்தான் மேடம் தெரியும்.”

“கூரை?”

தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சங்கரபாண்டியன் க்யூப்பை இரண்டு கையாலும் எடுத்துப்போய்த் தண்ணீருக்குள் இறக்கினார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அங்கேயே முகத்தைத் திருப்பி நின்று அச்சகத்துக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, பத்திரிகையில என் பேருக்கு முன்னால ஒண்ணு இருக்குல்லா? அதை எடுத்திருங்க.”

மறுமுனை என்னவோ கேட்டது.

“ஏன்னு கேக்காதீங்க. எடுத்திருங்க.”