மொதல்ல நீ எடு

ஜாம் கசந்துடுச்சு.

லேசா இல்ல. பிரிசில்லா ஒரு ஸ்பூன் வாயில வெச்சா, முகம் ஒரு பக்கமா கோணிக்கிச்சு, நேரா போய் வாஷ்பேசின்ல துப்பிட்டு வந்தா.

மேசை மேல சவரிநாதன் கொண்டாந்த பாட்டிலெல்லாம் வரிசையா நிக்குது. ஒவ்வொன்னு கழுத்துலயும் சிவப்பு ரிப்பன். நாளன்னைக்கு கிறிஸ்மஸ்.

"ருசி பாத்தீங்களா அங்கிள்?"

"இல்ல டீச்சர்," னாரு சவரிநாதன்.

டீச்சருக்கு வயசு இருபத்தாறு. புதுச்சேரியில ஒரு ஓட்டல் பார்ல காக்டெயில் கலக்குற வேலை. ஞாயித்துக்கிழமையானா வீட்டுல, அதே ருசியில பழ ஜாம் போடக் கத்துக் குடுப்பா. சிஷ்யருக்கு அவ அப்பா வயசு. லாரி ஓட்டி ஓய்ஞ்சவரு. அவரு டீச்சர்னு கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமா இருக்கும். வேணாம்னும் சொன்னதில்ல.

சவரிநாதன் குடிய விட்டது போன ஈஸ்டர்ல.

அதுவரைக்கும் ஞாயிறு, பண்டிகை எதுவானாலும் அவரு வீட்டு மொட்டை மாடியிலதான் கூட்டம். லாரி செட் கூட்டாளிங்க அத்தனை பேரும் அங்க இருப்பாங்க. விட்ட பிறகு ஒருத்தரும் படியேறல. கடைத்தெருவுல பாத்த ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே கேட்டாராம், உன் வீட்டுக்கு வந்து மோரா குடிக்கிறதுன்னு.

அதுக்குத்தான் இந்த ஜாம். அன்னாசி, எலுமிச்சை, ரம். ஆளுக்கொரு பாட்டில் குடுத்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வந்துடுவாங்கன்னு ஒரு நெனப்பு.

ரம் எப்ப ஊத்தணும்னு பிரிசில்லா தெளிவா சொல்லியிருந்தா. ஜாம அடுப்ப விட்டு எறக்கின பிறகு, கடைசியில, கொஞ்சமா.

இவரு என்ன பண்ணாருன்னா, கிறிஸ்மஸ் கேக்குக்கு பழம் ஊறப் போடுவாங்கல்ல, அதே மாதிரி அன்னாசியையும் எலுமிச்சையையும் மொதல்லயே ரம்ல ஊறப் போட்டுட்டாரு. எலுமிச்சைத் தோலு, அதுக்கு உள்பக்கம் இருக்குற வெள்ளை, கொட்டை எல்லாத்தோடயும். மூக்கையும் வாயையும் துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டு. கிண்டும்போதும் துண்டோடதான். அப்புறம் எங்க ருசி பாக்குறது?

நீங்க யாராச்சும் இப்படி, நாக்கு நுனியில கூட வைக்காம ஒன்ன செஞ்சு, அதுக்கு ரிப்பன் வேற கட்டியிருக்கீங்களா? சும்மா கேட்டேன். கதைக்கு வர்றேன்.

கொதிச்சதுல ரம்மு பாதி போயிருக்கும், ஒரு துளி நாக்குல வெச்சா ஒன்னும் ஆகாதேன்னு பிரிசில்லா சொல்லிப் பாத்தா.

"உங்களுக்கு ஆகாது டீச்சர். எனக்கு அந்த ஒரு துளிதான் வழி."

அவருக்குத் தெரிய வேண்டியது வேற. கசப்ப எப்படி எடுக்கறது, சக்கரை இன்னும் போட்டா அமுங்குமா, இல்ல ரம்மயே கூட்டிட்டா தெரியாதான்னு மாத்தி மாத்திக் கேட்டாரு.

பிரிசில்லா உள்ள போய் பிரெட்டு எடுத்துட்டு வந்தா. அவருக்கு எதிர்ல காலை மடக்கி உக்காந்தா.

"கிறிஸ்மஸ் வந்துடுச்சு. நான் உங்க கூட்டாளி. மாடி ஏறி வந்துட்டேன். குடுங்க."

சவரிநாதன் ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் பிரெட்டுல ஜாமத் தடவி நீட்டினாரு.

அவ கை நீட்டல.

"மொதல்ல நீ எடு மச்சான்."

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பொண்ணு வயசுல இருக்குறவ மச்சாங்குறாளேன்னு.

அவ சிரிக்கல. அப்படியே உக்காந்திருந்தா.

பிரெட்டு அவரு கையில நின்னுச்சு. ஜாம் ஓரமா வழிஞ்சு விரல் மேல எறங்குச்சு. அவரு அந்த விரலையே பாத்தாரு.

பிரெட்ட கீழ வெச்சாரு. எழுந்து போய் கையக் கழுவினாரு. சோப்புப் போட்டு, ரெண்டு வாட்டி.

"அப்படித்தான் சொல்லுவானுங்க," னாரு, குழாயப் பாத்துக்கிட்டே.

"ம்."

"ரம் இல்லாம குடுத்தா வருவானுங்களா டீச்சர்?"

"தெரியாது அங்கிள்."

அவரு குழாய மூடினாரு.

பாட்டில் கொண்டாந்த கூடையில ஒரு அன்னாசி மிச்சமிருந்துச்சு. அத எடுத்து, தோல் சீவி, கண்ணெல்லாம் நோண்டி எடுத்து, துண்டு போட்டாரு. ஒரு துண்ட வாயில போட்டு மென்னாரு. அவசரமே இல்லாம.

அடுத்த துண்ட அவகிட்ட நீட்டினாரு.

அவ வாங்கிக்கிட்டா.