அம்புக்கு இரண்டாவது முனை வந்த கதை

அந்தக் காலத்தில் கணினித் திரைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு. ஜன்னல் பேசும். ஓரத்தில் ஏறி இறங்கிப் பக்கங்களை நகர்த்தும் பட்டை பேசும். அடியில் படுத்திருக்கும் கோப்பும் எப்போதாவது பேசும். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் அது கேட்காது.

அப்போது ஜன்னலுக்கு ஒரே அறைதான். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். அம்புக்கும் ஒரே முனைதான், அது எப்போதும் மேலே பார்த்திருக்கும். மவுஸைப் பிடித்த கை இழுத்த பக்கம் அம்பு போகும். கை ஓய்ந்திருந்தால் தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

அந்த ஜன்னலின் முன்னால் ஜெபமலர் என்ற பெண் வேலை பார்த்தாள். கிராமச் செவிலியர்களுக்கான மருந்துக் கையேட்டைப் பிழை திருத்தி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நான்காம் பக்கத்தில், எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று ஓர் அட்டவணை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அதே அளவுகள் விளக்கத்தோடு வரும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவள் நான்காம் பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்ப்பாள், பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள், பிறகு இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்து தட்டுவாள்.

வெயில் காலம். உள்ளங்கை வியர்த்தது. காய்ச்சல் மருந்து 2.5 மில்லி என்று எழுதியதில் புள்ளி மட்டும் அழிந்துபோனது. ஜெபமலர் கையைப் பார்த்து 25 என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அதைப் பார்த்தது அம்பு ஒன்றுதான். அது போய் அந்த 25-இன் மேல் நின்றது. ஜெபமலர் எழுத்தை மறைக்கிறது என்று மவுஸைத் தள்ளிவிட்டாள். மறுபடியும் போய் நின்றது. மறுபடியும் தள்ளிவிட்டாள்.

போன் அடித்தது. அச்சகத்திலிருந்து சிவசைலம்.

"என்ன மேடம், நாலு மணிக்குள்ள வந்துருமா? இல்லன்னா மிஷின்ல வேற வேலையை ஏத்திருவாங்க."

"வந்துரும் அண்ணாச்சி. கடைசியா ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிருதேன்."

மணி மூன்று இருபது.

அம்பு ஓரத்துப் பட்டையிடம் ஓடியது. "மறுபடியும் நாலாம் பக்கத்தைக் காட்டேன். அவ பாக்கட்டும்."

"காலையிலேருந்து அறுபது தடவை ஏறி இறங்கிட்டேன்," என்றது பட்டை. "நாலைக் காட்டுனா இருநூத்திப் பன்னிரண்டு போயிரும். இதைக் காட்டுனா அது போயிரும். ரெண்டையும் ஒண்ணா பாத்தாத்தான தப்பு தெரியும்? என்கிட்ட வந்து நிக்கிறதுக்குப் பதிலா ஜன்னல்கிட்ட கேளு."

அம்பு ஜன்னலிடம் போனது. "நீ உன்னை ரெண்டா பிரிச்சுக்கணும். மேலே நாலு, கீழே இருநூத்திப் பன்னிரண்டு."

ஜன்னலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லா சொன்ன போ. என்னைப் பிரிச்சா உள்ள இருக்கிற எழுத்தெல்லாம் பாதி பாதியா போயிராதா?"

"எழுத்து உன்கிட்டயா இருக்கு? கோப்புல இருக்கு. நீ காட்டத்தான செய்யுற."

ஜன்னலுக்கு அது உறைத்தது. இத்தனை நாளும் எழுத்தெல்லாம் தன்னுடையது என்றுதான் அது நினைத்திருந்தது.

அடியிலிருந்து கோப்பு சொன்னது: "அவன் சொல்றது சரிதான். எத்தனை பேர் எட்டிப் பாத்தாலும் நான் ஒருத்தன்தான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"சரி," என்றது ஜன்னல். "ஆனா ஒரு பேச்சு. பிரிக்கிறதுக்கு நடுவுல வர்ற கோட்டை யாருக்கு வேணுமோ அவங்க கையால இழுக்கட்டும். எங்கே வேணுமோ அங்கே வைக்கட்டும். நீயா ஒரு இம்மிகூட நகத்தக் கூடாது."

அம்பு ஒப்புக்கொண்டது. ஜன்னலின் மேல் விளிம்பில், பட்டையின் தலைக்கு மேலே, சின்னதாக ஒரு மேடு முளைத்தது. அம்பு அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. ஜெபமலர் அம்பைத் தேடினாள், மேட்டைப் பார்த்தாள், இது என்ன என்று பிடித்துக் கீழே இழுத்தாள். கையோடு ஒரு கோடு இறங்கி ஜன்னலின் நடுவில் நின்றது.

முதலில் இரண்டு பாதியிலும் ஒரே பக்கம் தெரிந்தது. அவள் கீழே ஓர் எழுத்தைத் தட்டினாள். மேலேயும் அது வந்தது. அழித்தாள். இரண்டிலும் போனது. ஜெபமலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேல் பாதியை நான்காம் பக்கத்துக்குக் கொண்டுபோனாள். அட்டவணையின் தலைப்பு தெரிந்தது. ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். அதற்கு முன் கீழே ஒரு வரி கோணலாக இருந்ததைச் சரிசெய்ய அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். மவுஸில் கை இல்லை.

அப்போது கீழ்ப்பாதி கூப்பிட்டது. "அம்பண்ணே, வேலை முழுக்க என்கிட்டதான் நடக்குது. மேலே உள்ளவ சும்மாதான இருக்கா. கோட்டை ஒரு வரி மேலே தள்ளேன்."

ஒரு வரிதானே என்று அம்பு தள்ளியது.

"இன்னும் ஒரே ஒரு வரி."

உழும்போதெல்லாம் பொது வரப்பில் ஒரு விரல் சேர்த்துக் கொத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித்தான் நடந்தது. "ஏய், தலை முட்டுது," என்று மேல்பாதி கத்தியது. மேலேயே பார்த்திருக்கும் முனைக்குக் கீழே இழுக்கத் தெரியாது, மேலே தள்ளுவது சுலபமாக இருந்தது. கோடு அந்த மேட்டையும் அமுக்கிக்கொண்டு விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. மேல்பாதியின் சத்தம் நின்றது. நான்காம் பக்கம் இல்லை.

ஜெபமலர் நிமிர்ந்தாள். "எங்க போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டாள். மணி மூன்று ஐம்பது. விளிம்பில் அம்பை வைத்துக் கீழே இழுத்தாள். முனை மேலே பார்த்திருந்ததால் கோடு பிடிபடவில்லை. மறுபடி இழுத்தாள், வழுக்கியது. "சரி, காலையில ஒரு தடவை பாத்ததுதான," என்று அனுப்பும் பொத்தானைத் தேடினாள்.

"சொன்ன பேச்சை நீ காப்பாத்தல," என்றது ஜன்னல்.

அம்பு தன் வாலைத் திருப்பி ஜன்னலின் சட்டத்தில் அடித்தது. மழுங்கலான வால் அது. மூன்று முறை அடித்ததும் பிளந்தது, நான்காவது அடியில் கூர்மையானது. கீழே பார்க்கும் முனை. அதைக் கோட்டில் மாட்டிக்கொண்டு, ஜெபமலரின் கை வரும் வழியில் காத்திருந்தது.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கோடு வந்தது. மேலே 2.5, கீழே 25, நடுவில் ஒரு கோடு.

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு 25-ஐ அழித்து, ஒவ்வொன்றாகத் தட்டினாள்: இரண்டு, புள்ளி, ஐந்து. மீதி வரிகளையும் மேலும் கீழும் பார்த்துச் சரிபார்த்தாள். நாலேகாலுக்கு அனுப்பினாள். சிவசைலத்திடம் திட்டு வாங்கினாள். எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மேல்பாதி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "இனிமே எனக்கு ரெண்டு வரியாவது விட்டு வைக்கணும்."

"ரெண்டு பேருக்கும் அப்படித்தான்," என்றது ஜன்னல். பிறகு அம்பிடம், "உனக்கு இனி இஷ்டம்னு ஒண்ணு கிடையாது," என்றது. அம்பு சரி என்றது.

அன்று முதல்தான் அந்தக் கோட்டின் மேல் வரும்போதெல்லாம் அம்புக்கு இரண்டு முனை முளைக்கிறது, ஒன்று மேலே, ஒன்று கீழே. விலகினால் பழையபடி ஒன்றாகிவிடுகிறது. கை பட்டு இழுக்காத வரை அது ஒரு புள்ளிகூட நகர்வதில்லை.