தலைப்பாகை பிடுங்கிய செண்பகம்

தலைப்பாகை அரண்மனை யானை செண்பகத்தின் தும்பிக்கையில். ராஜாவின் மொட்டைத் தலை வெயிலில். பக்கத்து நாட்டுத் தூதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"பாகன் கையை வெட்டுங்கடா!" என்று கத்தினார் ராஜா கோமாறர்.

சங்கிலி என்ற அந்தப் பாகனை மண்டியிட வைத்து, வலது கையைக் கல்மேல் இழுத்து வைத்தார்கள். அவன் அந்தக் கையையே பார்த்தான். இந்தக் கை போனால் யானையை எதால் தட்டிக்கொடுப்பது, சோற்றை எதால் பிசைவது?

"கொஞ்சம் பொறுங்க மகாராஜா." வெற்றிலையை மென்றபடியே எழுந்தான் கொழுந்தப்பன். வாய்த்துடுக்குக்கென்றே அரசவையில் சம்பளம் வாங்குகிறவன். "யானைக்கு என்ன தண்டனை?"

"அது என்னய்யா பண்ணும்? வாயில்லாத ஜீவன். பழக்கினபடி செய்யுது. பழக்கின கையைத்தான் வெட்டணும்."

"நியாயம்தான். சங்கிலி, நீயா பழக்கினே?"

பயத்தில் பொய்யே வரவில்லை சங்கிலிக்கு. "இல்ல சாமி. தை மாசம் ஒருநாள் காலையில ராஜாவுக்குக் கும்பிடு போட வந்தப்ப, அதுவாவே தளவாய் ஐயா தலைப்பாகையைப் பிடுங்கிச்சு. ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. தன் கையாலேயே வெல்லம் ஊட்டினாரு. அன்னையிலேர்ந்து தினம் ஒரு தலைப்பாகை, ஒரு கட்டி வெல்லம்."

கொழுந்தப்பன் ராஜாவின் வலது கையைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். வெட்ட வந்தவனும் பார்த்தான். பார்த்துவிட்டு அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

ராஜா கையை இடுப்புக் கச்சைக்குள் திணித்தார். "நானா? நான் ஊட்டும்போதெல்லாம் நீங்கதானே கைதட்டினீங்க! நீங்கதான்யா என்னைப் பழக்கிட்டீங்க!"

"தட்டாதவனை முறைச்சா வேற என்ன செய்யறதாம்?" என்று முனகினார் தளவாய்.

"அப்போ எல்லார் கையையும் வெட்டிடுவோம்," என்றான் கொழுந்தப்பன். "நாளையிலேர்ந்து நமக்கெல்லாம் செண்பகம் சோறு ஊட்டட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். "கிண்டல் போதும். எல்லாமே பழக்கம்னா, யார்தான்யா பொறுப்பு?"

"தான் எதுக்காகப் பிடுங்குறோம்னு செண்பகத்துக்குச் சொன்னாலும் புரியாது. நாம ஏன் ஊட்டுறோம், ஏன் கைதட்டுறோம்னு நமக்குப் புரிஞ்சுபோச்சே மகாராஜா! நேத்து வரைக்கும் ஊட்டினது பழக்கம். இனிமே ஊட்டுறவன் பழக்கத்து மேல பழி போட முடியாது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "அவன் கையை விடுங்கடா!" கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பனிடம் வீசினார். சபையே கைதட்டியது.

கைதட்டல் கேட்டால் செண்பகம் சும்மா இருக்குமா? ராஜாவின் தலைப்பாகையைக் கீழே போட்டுவிட்டு, தலைமைத் தூதருடையதைப் பிடுங்கியது.

ராஜாவுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. "சபாஷ்! டேய் சங்கிலி, எடுடா வெல்லத்தை! ஊட்டுடா!"

சங்கிலியின் மடியில் வெல்லம் இருந்தது. செண்பகம் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றது.

அவன் ஊட்டவில்லை.